மாலிகுல் ஹஸீன்

சென்ற டிசம்பரில் ஒரு நாள், சுப்ஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு, மாணவர் சிலருடன் தாம்பரத்திலிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திற்குச் சென்றிருந்தோம். பறவை பார்க்கப் போகும் வழக்கம் நமக்கு இருந்ததில்லை. பிள்ளைகளின் வற்புறுத்தலே இழுத்துச் சென்றது. கோரைப் புல்லோரத்தில் கழுத்தை உள்ளிழுத்தவாறு சாம்பல் நாரையொன்று அசையாமல் நின்றது. "உஸ்தாத், இதற்கு அரபியில் என்ன பெயர்?" என்றான் ஒருவன். "மாலிகுல் ஹஸீன்" என்றோம். சொன்ன பிறகுதான் நமக்கே உறைத்தது. நாரையை எத்தனையோ ஏரிகளில் கண்டதுண்டு. கிதாபில் ஓதிய மாலிகுல் ஹஸீன் இதுதான் என்று கண்டது அன்றைக்குத்தான்.

எகிப்து நாட்டு இமாம் தமீரீ (ரஹ்) அவர்கள் 'ஹயாத்துல் ஹயவான்' என்னும் பெருநூலை இயற்றியதற்கே இப்பறவையும் ஒரு காரணம். எவரும் கேட்டு எழுதிய நூலன்று அது. பாடம் நடந்துகொண்டிருக்கையில் மாலிகுல் ஹஸீன் என்ற சொல் வந்ததாம். அதையொட்டி மூண்ட வாக்குவாதம் பஸூஸ் போரைப் போலாயிற்று என்று முன்னுரையில் அவர்களே கூறுகிறார்கள். ஓர் ஒட்டகத்தின் பொருட்டு அரபுக் குலத்தார் நெடுங்காலம் பொருத போர் அது! ஹிஜ்ரி 808இல் (கி.பி. 1405) மறைந்த அப்பெரியார், உயிரினங்களை அரபு அகரவரிசையில் நிறுத்தி, அவற்றின் இயல்பையும், அவற்றை உண்ணலாமா என்னும் சட்டத்தையும் சொல்லிச் செல்கிறார்கள். கேள்விப்பட்ட கதைகளும் அதில் கலந்துள்ளன, அதை மறைப்பதற்கில்லை.

உண்ணலாமா என்ற அந்த வினாவே நம் நாட்டில் வேறொரு நூலுக்கும் வித்தாயிற்று. 1896இல் பம்பாயில் பிறந்த ஸாலிம் அலீ, பெற்றோரை இழந்து தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜீயிடம் வளர்ந்தவர். சிறுவயதில் அவர் சுட்டு வீழ்த்திய சிட்டுக் குருவியின் கழுத்தில் மஞ்சள் கறை இருந்தது. இது ஹலாலா என்று ஐயுற்று மாமனிடம் கொண்டுபோனார். மாமனுக்கும் அது என்ன குருவியென்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் மில்லார்டிடம் அனுப்பிவைத்தார். அங்கே பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைக் கண்ட சிறுவன்தான், 1941இல் இந்தியப் பறவைகளைப் பற்றிய புகழ்பெற்ற நூலை எழுதினார்.

நாரைக்கு வருவோம். நீர் வற்றினால் அது துயருறும். தான் குடித்தால் எஞ்சிய நீரும் குறைந்துவிடுமோ என்றஞ்சித் தாகத்தாலேயே மடிவதும் உண்டு என்று ஜாஹிழ் கூறியதாகத் தமீரீ எழுதுகிறார்கள். ஹஸீன் என்றால் துயருற்றது. ஓதிய காலத்தில் இதைக் கேட்டு நகைத்தோம். பள்ளிக்கரணையில் நகைக்க இயலவில்லை. தென்சென்னை ஏரிகளின் உபரிநீரெல்லாம் ஒக்கியம் மடுவு வழியே கடல் நோக்கிச் செல்லுமுன் தங்குமிடம் இது. முன்னர் பன்மடங்கு பரந்திருந்த இச்சதுப்பின் ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு. மறுபக்கங்களில் சாலையும் மாடிகளும். 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது 1,247 எக்டேர்.

"உண்மையிலேயே தண்ணீர் குடிக்காதா, உஸ்தாத்?" என்றான் அதே பையன். விடை சொல்ல நாம் வாய் திறக்குமுன், நாரை அலகை நீருக்குள் செலுத்தி ஒரு மீனைக் கவ்வி விழுங்கிற்று. பிள்ளைகள் சிரித்தனர், நாமும் சிரித்துவிட்டோம்.