ஏலத்தில் போன வெண்கொக்குக் கோட்டை

ஜப்பானின் ஹியோகோ மாநிலத்தில் உள்ள ஹிமேஜி கோட்டைக்கு ‘வெண்கொக்குக் கோட்டை’ என்றும் பெயர். சுண்ணாம்புச் சாந்து பூசிய வெள்ளைச் சுவர்களால் வந்த பெயர் அது. வெறும் அழகுக்காகப் பூசியது என்று நினைப்பவர்களை உள்ளூர் வழிகாட்டிகள் திருத்துகிறார்கள். மரத்தாலான கோட்டையைத் தீயிலிருந்து காப்பதும் அந்தப் பூச்சின் வேலைதான்.

இக்கெடா தெருமாசா 1601இல் தொடங்கி 1609இல் முடித்த பெருங்கோபுரம் கண்ணெதிரே நிற்கும். ஆனால், வழி நேராகப் போகாது. வளையும், திரும்பும், குறுகும். மேலே ஏற வேண்டியவர்கள் ஓரிடத்தில் கீழே இறங்குவார்கள். எதிரி திகைத்து நிற்கும்போது சுவர்த் துளைகளின் வழியே அம்பும் குண்டும் பாயும். வட்டம், முக்கோணம், சதுரம் என ஏறத்தாழ ஆயிரம் துளைகள் இன்றும் உள்ளன. வேடிக்கை என்னவென்றால், அந்தத் துளைகளுக்குப் பெரிய போர் எதுவும் வாய்க்கவே இல்லை.

ஆபத்து அமைதிக் காலத்தில்தான் வந்தது. மெய்ஜி அரசு 1871இல் பிரபுக்களின் ஆட்சிப் பகுதிகளை ஒழித்தது. கோட்டைகள் சுமையாயின; பல இடிக்கப்பட்டன. ஹிமேஜி கோட்டை 23 யென் 50 சென்னுக்கு ஏலத்தில் போனதாகச் சொல்வார்கள். வாங்கியவருக்கோ இடிக்கும் கூலியே கட்டுப்படியாகவில்லையாம்! 1878இல் நக்கமுரா ஷிகெத்தோ என்ற ராணுவக் கர்னல், கோட்டையைக் காக்க வேண்டும் என்று மேலிடத்தில் வற்புறுத்தினார். ஹிஷி வாசலைத் தாண்டியதும் அவருக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. கோபுரத்தைப் பார்க்கும் அவசரத்தில் அதைத் தவறவிடுவது எளிது.

1945 ஜூலை 3ஆம் தேதி இரவு அமெரிக்க விமானங்கள் தீக்குண்டுகளைப் பொழிந்தன. நகரம் எரிந்தது. கோட்டையைக் கருநிற வலையால் மறைத்திருந்தார்கள். அப்படியும் ஒரு குண்டு கோபுரத்தின் உச்சி மாடியில் விழுந்தது. அது வெடிக்கவில்லை. மறுநாள் காலை, வீடிழந்து சாம்பலுக்கு நடுவே நின்ற மக்கள் நிமிர்ந்து பார்த்தபோது, கோட்டை அப்படியே இருந்தது. அதைக் கண்டு அழுதவர்கள் பலர் என்பது அந்த ஊரில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

1993இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்ற கோபுரத்தினுள், காலணியைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் எடுத்துச் செல்ல வேண்டும். படிகள் ஏணிபோல் செங்குத்தானவை. வெளியே ஐந்து அடுக்காகத் தெரிவது, உள்ளே ஆறு மாடியும் ஒரு நிலவறையும். இரண்டு பெருந்தூண்கள் அடியிலிருந்து ஓங்கி நிற்கின்றன. 1956 முதல் 1964 வரை கோபுரத்தைப் பிரித்துப் பழுதுபார்த்தபோது, மேற்குத் தூணை மாற்ற வேண்டியிருந்தது. தேடிப் பிடித்த மரம் கொண்டுவரும்போதே முறிந்துபோனது. வேறு வழியின்றி இரண்டு மரங்களை ஒன்றாக இணைத்தார்கள். மூன்றாம் மாடியில் அந்த இணைப்பைக் காணலாம்.