ஏற்காடும் பழமொழிப் பாதிரியாரும்

ஏற்காடுன்னா நம்மாளுங்களுக்கு ஏரி, படகு, பகோடா பாயிண்ட், இருபது கொண்டை ஊசி வளைவு. அவ்ளோதான். 1820-களில் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டு வந்த சேலம் கலெக்டர் காக்பர்ன் பேரு சில பேருக்குத் தெரிஞ்சிருக்கும். இந்தப் பதிவு வேற ஒருத்தரைப் பத்தி. 1882-ல் ஏற்காட்டில் இறந்துபோன பீட்டர் பெர்சிவல் பாதிரியார்.

திடீர்னு இவர் ஏன்னு கேக்கறீங்களா? ஆபீஸ்ல ஒரு நண்பர், "பாவம், மன்னிப்பு, கண்ணீர்னே பேசுறீங்களே, உங்க ஆளுங்க வாழ்க்கையில எதையாவது ரசிச்சிருக்காங்களா?"ன்னு கேட்டார். நியாயமான கேள்விதான். 19-ம் நூற்றாண்டு மிஷனரிகள்ல பல பேருக்கு சீட்டு, நாடகம், சதிர் எல்லாமே விலக்கு. ஆனா பவுல் சிறையில இருந்து பிலிப்பியருக்கு எழுதின கடிதத்தை எடுத்துப் பாருங்க, வரிக்கு வரி சந்தோஷம்தான். இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஆள் எப்படி வாழ்ந்தார்னு பார்க்க பெர்சிவல் நல்ல உதாரணம்.

1803-ல் பிறந்தவர். வெஸ்லியன் மிஷன் மூலமா 1826-ல் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் பின்னாடி மத்திய கல்லூரியா வளர்ந்த பள்ளிக்கூடத்துக்குத் தலைமை. அங்கே படிச்சு, அங்கேயே ஆசிரியராவும் இருந்த ஆறுமுகம் என்ற இளைஞரைத்தான் பைபிள் மொழிபெயர்ப்புக்குக் கூட வச்சுக்கிட்டார். ஆமாங்க, நம்ம ஆறுமுக நாவலரேதான்! பாதிரியாரும் சைவரும் ஒரே மேஜையில உட்கார்ந்து வருஷக்கணக்கா வேலை பார்த்திருக்காங்க. 1848-ல் நாவலர் விலகி, சைவத்துக்காக மிஷனரிகளையே எதிர்த்து எழுதினது தனிக்கதை.

அந்த மொழிபெயர்ப்பு 1850-ல் சென்னையில அச்சாச்சு. ஆனா சபைகள் ஏத்துக்கலை. பிறகு பவர் தலைமையில வேற குழு திருத்தி, 1871-ல் வந்த பைபிள்தான் நிலைச்சது. நம்ம பாஷையில சொன்னா, வருஷக்கணக்கா எழுதின கோடு புரொடக்‌ஷனுக்கே போகலை. ஒரு மிஷனரிக்கு இதைவிடப் பெரிய அடி என்ன இருக்கு?

இங்கதான் விஷயம் இருக்கு. மனுஷர் இன்னொரு பக்கம் தமிழ்ப் பழமொழிகளைச் சேர்த்துக்கிட்டே இருந்தார். 1840-களின் தொடக்கத்துல யாழ்ப்பாணத்தில் வந்த முதல் தொகுப்புல கிட்டத்தட்ட 1900. அப்புறம் சென்னைக்கு வந்து பிரசிடென்சி கல்லூரியில வேலை, 1855-ல் 'தினவர்த்தமானி' பத்திரிகைன்னு ஏகப்பட்ட சோலி. அதுக்கு ஆசிரியரா அவர் கூப்பிட்டுக்கிட்டவர் சி.வை. தாமோதரம் பிள்ளை. பின்னாளில் தொல்காப்பியம், கலித்தொகையெல்லாம் பதிப்பிச்சாரே, அவரேதான். இத்தனைக்கும் நடுவுல 1874-ல் பழமொழிகள் ஆங்கில மொழிபெயர்ப்போட மறுபடியும் வருது. இந்தத் தடவை 6000-க்கும் மேல! அப்போ அவருக்கு வயசு எழுபதைத் தாண்டியாச்சு.

பிரசங்கத்துக்கு உதவும்னு சேர்த்தார், வெள்ளைக்கார அதிகாரிங்க நம்மளைப் புரிஞ்சுக்கச் சேர்த்தார்னு சொல்லலாம். அதுவும் உண்மைதான். ஆனா பிரசங்கத்துக்கு நூறு பழமொழி போதாதா? 6000 எதுக்கு? அதுவும் என்ன, பக்திச் சரக்கா? மாமியார் மருமகள், கழுதை, காக்கா, கஞ்சன், போலிச்சாமியார்னு நம்ம திண்ணைப் பேச்சு அத்தனையும் உள்ளே இருக்கு. கடமைக்குச் செய்யற ஆள் முப்பது வருஷம் இதைத் துரத்த மாட்டார். ரசிச்சவர்தான் துரத்துவார்.

பெரிய வேலை தோத்துப்போனதும் அவர் தமிழ் மேல கசந்துக்கலை. வேற மதத்துக்காரங்க வாயிலிருந்து வந்த சொல்லை, ஒண்ணொண்ணா எண்ணி, அச்சேத்தி அழகு பார்த்தார். கிறிஸ்தவ சந்தோஷம்னா கைதட்டிப் பாடுறது மட்டும்தான்னு நினைக்கிறவங்களுக்கு இதையும் அந்தக் கணக்குல சேர்த்துக்கணும்னு சொல்வேன். நண்பருக்கும் இதுதான் என் பதில்.

ஒரு கொசுறு. பெர்சிவல் மகளைக் கட்டினவர் ராபர்ட் புரூஸ் ஃபுட். 1863-ல் பல்லாவரத்தில் கற்கால ஆயுதத்தைக் கண்டெடுத்தாரே, அவர்தான்! ஓய்வுக்கப்புறம் ஏற்காட்டில் வாழ்ந்தார். நினைவுச்சின்னம் அங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கு. மாமனார் பொறுக்கினது சொல்லு, மருமகன் பொறுக்கினது கல்லு. அடுத்த தடவை ஏற்காடு போனா, போட்டிங் முடிஞ்சதும் அந்தப் பக்கமும் ஒரு எட்டு போயிட்டு வாங்க மக்களே. முடிஞ்சா, உங்க பாட்டி சொல்ற பழமொழியையும் ஒரு நோட்டுல எழுதி வைங்க.