உசிலம்பட்டியும் மதுராவும்: ஊர்ப்பெயர்களின் எழுத்து வரலாறு

தம் முன்னோரின் ஊரைப் பழைய மிஷன் அறிக்கைகளில் தேடுவோர், ஆங்கில எழுத்தில் அவ்வூரை அடையாளம் காண இயலாமல் திகைப்பதுண்டு. ஏடு பிழையன்று, அதை எழுதிய செவி வேறு.

உசிலம்பட்டி என்னும் பெயரில் மறைபொருள் இல்லை. உசில் மரம் நின்ற பட்டி அது. மரப்பெயர் ‘அம்’ சாரியை பெறுதல் தமிழ் மரபு. புளியங்காய் என்கிறோம் அல்லவா? பட்டி என்பது ஆடுமாடுகளை அடைக்குமிடம், சிற்றூரையும் குறிக்கும். உசில் இலையை இடித்த அரப்பைத் தேய்த்துத் தலைமுழுகியவர்களுக்கு இவ்விளக்கமும் மிகை. இப்பெயர் ஆங்கிலத்தில் பெரிதும் சிதையவில்லை. ஈற்றில் ‘ஐ’ என்னும் எழுத்தும் ‘ஒய்’ என்னும் எழுத்தும் மாறி வருகின்றன, அவ்வளவே.

அண்டை ஊர்கள் அவ்வாறு தப்பவில்லை. 1834இல் அமெரிக்க மிஷனெரிமார் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து ஊழியம் தொடங்கினர். யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டையைப் ‘பட்டிக்கோட்டா’ என எழுதியது போலவே, இங்கு வத்தலக்குண்டு ‘பட்லகுண்டு’ ஆயிற்று. சிவகங்கையில் குறில் அகரத்திற்கு ‘யு’ என்னும் எழுத்தை இட்டனர். ஆங்கிலத்தில் அவ்வெழுத்து அகரம் போலவும் ஒலிப்பதால், அவர்களுக்கு அது பிழையாகத் தோன்றவில்லை. இன்று நமக்கோ ‘சிவகுங்கா’ என்றே படிக்க வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹண்டரின் எழுத்துமுறை பரவியபின்பே அகரத்திற்கு ‘ஏ’ என்னும் எழுத்து நிலைத்தது.

மதுரையின் வரலாறு இன்னும் சுவையானது. நெல்சன் 1868இல் வெளியிட்ட நூலும், பிரான்சிஸ் 1906இல் தொகுத்த மாவட்டக் குறிப்பேடும் ‘மதுரா’ என்றே எழுதின. நம் மிஷனும் அப்பெயரையே தாங்கிற்று. இதை அந்நியர் செய்த திரிபு என்று ஒதுக்குதல் அவசரமாகும். நம் மக்கள் பேச்சில் ஈற்று ஐகாரம் தேய்ந்து ‘மதுர’ என்றன்றோ ஒலிக்கிறது! முதல் நூற்றாண்டு ரோமரான பிளினியும் ‘மொதுரா’ என்றே எழுதினார். அழகர்மலையின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டிலோ ‘மதிரை’ என்றிருக்கிறது. நாட்டுப்புறத்தார் ‘மருதை’ என்பர். ஆகவே, இவற்றுள் ஒன்றை மட்டும் தூயது எனத் தேர்வது எளிதன்று.

2020ஆம் ஆண்டு தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்ற ஆணையிட்டது. கோயம்புத்தூருக்கும் தூத்துக்குடிக்கும் நீண்ட புதிய எழுத்துக்கோவைகள் பிறந்தன. எவ்வெழுத்து எவ்வொலிக்கு என்பதில் கருத்து வேறுபாடு எழவே, ஜூன் மாதம் வெளியான அப்பட்டியல் அம்மாதத்திலேயே திரும்பப் பெறப்பட்டது.