மறைந்தோர் பெயரைத் தேடி: கொல்லிமலை உணர்த்தும் பாடம்

குடும்ப வரலாறு எழுத முற்படுவோர்க்கு முதலில் துணை நிற்பது முதியோரின் நினைவு. அந்நினைவு பெரும்பாலும் மூன்று தலைமுறைகளைத் தாண்டுவதில்லை. பாட்டனார் பெயரை எல்லோரும் அறிவர். பூட்டனார் பெயரைச் சிலர் அறிவர். அவருடைய தந்தையார் எந்த ஊரில், எந்த ஆண்டில் மறைந்தார் என்று வினவினால் வீட்டில் விடை கூறுவார் இரார். அவ்விடத்தில் எழுத்துச் சான்று தேவைப்படுகிறது. எழுத்துச் சான்றுகளுள் மிக உறுதியானது ஒருவரது மறைவைக் குறிக்கும் பதிவே. பெயர், நாள், ஊர், உறவு ஆகிய நான்கும் ஒருங்கே கிடைக்கக்கூடிய இடம் அது.

தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்கு இத்தேடலில் ஒரு தனித்த இடர் உண்டு. உடலை எரியூட்டும் வழக்கமுடையோர் ஆதலின் கல்லறைகள் இல்லை. கல்லறை எழுத்துகளும் இல்லை. ஆயினும் தமிழகத்தில் ஒருவரது மறைவைக் கல்லில் பொறித்துக் காத்த பழைய மரபுகளுள் ஒன்று சமணர்க்கு உரியது. இவ்விரு நிலைகளுக்கும் இடையே உள்ள தொலைவை விளக்கக் கொல்லிமலையும் அதனைச் சூழ்ந்த கொங்கு நாடும் தக்க சான்றாகின்றன.

கொல்லியும் கொங்குச் சமணமும்

கொல்லிமலை வல்வில் ஓரிக்கு உரியதாக இருந்தது. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று, அம்மலையைச் சேரர்க்கு அளித்தான் என்பது சங்கப் பாடல்களால் அறியப்படும் செய்தி. கொல்லியைத் தம் உடைமையாகக் கொண்ட சேரர் குடியின் பொறையர் கிளை, கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலையில் ஓர் அரிய கல்வெட்டை விட்டுச் சென்றுள்ளது. தமிழ் பிராமி எழுத்தில் அமைந்த அக்கல்வெட்டு, யாற்றூர்ச் செங்காயபன் என்னும் சமணத் துறவிக்குக் கற்படுக்கை அமைத்துக் கொடுத்ததைக் கூறுகிறது. கொடுத்தவனை அறிமுகம் செய்யும்போது கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறைகளை வரிசைப்படுத்துகிறது. துறவிக்குச் செய்த அறத்தைக் குறிக்க எழுந்த கல், ஓர் அரச குடியின் வழிமுறையையும் காத்துத் தந்துவிட்டது.

அதே கொங்கு நாட்டில், இன்றைய ஈரோடு மாவட்டத்து விசயமங்கலத்தில், சந்திரப்பிரப தீர்த்தங்கரர் ஆலயம் உள்ளது. சவணபெளகொளாவில் கோமடேசுவரர் திருவுருவை எழுப்பிய கங்க நாட்டு அமைச்சன் சாமுண்டராயனின் தங்கை புள்ளப்பை அங்கு நோன்பிருந்து உயிர் நீத்தாள் என்பதை அவ்வாலயத்து நினைவுக்கல் தெரிவிக்கிறது. சாமுண்டராயனைப் பற்றிய செய்திகள் பல நூல்களிலும் கல்வெட்டுகளிலும் விரவிக் கிடக்கின்றன. அவன் தங்கை கொங்கு நாட்டில் வாழ்வை முடித்துக்கொண்டாள் என்பதற்கு அந்த ஒரு கல்லே சான்று. கல் இல்லையேல் அவள் பெயரே இல்லை.

நிசீதிகை தருவதும் தராததும்

சல்லேகனை நோன்பு நோற்று மறைந்தோர்க்கு எடுக்கப்பட்ட நினைவிடம் நிசீதிகை எனப்பட்டது. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்ட பாறைக்கு அருகே இரண்டு நிசீதிகைக் கல்வெட்டுகள் உள்ளன. ஒன்று, 57 நாள் உண்ணாநோன்பிருந்து மறைந்த சந்திரநந்தி ஆசிரியருக்கு உரியது. மற்றொன்று, 30 நாள் நோன்பிருந்த இளையபட்டாரருக்கு உரியது. முன்னது தமிழ் எழுத்து வரலாற்றில் வட்டெழுத்தின் தொடக்கநிலையைக் காட்டும் சான்றாகவும், ‘ஐ’ என்னும் உயிரெழுத்து முதன்முதலாகக் காணப்படும் இடமாகவும் அறிஞர்களால் மதிக்கப்படுகிறது.

இக்கல்வெட்டுகளில் பெயர் உண்டு. நோன்பு நாள்களின் எண்ணிக்கை உண்டு. பெற்றோர் பெயரும் பிறந்த ஊரும் இல்லை. துறந்தார்க்கு இல்லறத்து வழிமுறை கூறுதல் மரபன்று. அவர்தம் வழிமுறை ஆசிரிய பரம்பரையாகும். சவணபெளகொளாவின் சந்திரகிரியில் பார்சுவநாதர் ஆலயத்தில் உள்ள மல்லிசேனர் நினைவுக் கல்வெட்டு இதனை நன்கு விளக்கும். சக ஆண்டு 1050-இல், அதாவது கி.பி. 1129-இல் மறைந்த அவரைப் போற்றும் அக்கல்வெட்டு, பத்திரபாகு, சந்திரகுப்தர், குந்தகுந்தர், சமந்தபத்திரர், அகளங்கர் எனப் பல ஆசிரியர்களை நிரல்படக் கூறிய பின்னரே மல்லிசேனரைக் கூறுகிறது. இன்று இரங்கற் குறிப்பு எனப்படுவதன் மிக விரிந்த பழைய வடிவம் அது.

ஆகவே முன்னோர் கல்லில் பொறித்தது பெரும்பாலும் துறவறத்தாரையும் நோன்பு நோற்றாரையும் பற்றியே. ஆலயத்துக்கு நெல்லும் நிலமும் அளித்த இல்லறத்தார் கொடைக் கல்வெட்டுகளில் கொடையாளராக இடம்பெற்றனர். அவர்களது மறைவு எங்கும் பொறிக்கப்படவில்லை. கொங்கு நாட்டுச் சமண இல்லறத்தாரின் வழிவந்தோரை இன்று தேடுதல் அரிதாகிவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரே மலை, இருவகை மறைவு

எழுத்துச் சான்று இருப்பதற்கும் இல்லாமைக்கும் உள்ள வேறுபாட்டை அண்மைக் காலக் கொல்லிமலை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. இங்கிலாந்திலிருந்து வந்து அம்மலையில் மருத்துவமும் கல்வியும் அளித்துவந்த கிறித்தவப் பணியாளர் ஜெசி பிராண்ட், 1929 ஜூன் 15 அன்று மலேரியாவின் கொடிய விளைவாகிய கருநீர்க் காய்ச்சலால் மறைந்தார். பின்னாளில் தொழுநோய் அறுவை மருத்துவத்தில் உலகப்புகழ் பெற்ற அவர் மகன் பால் பிராண்ட், 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். அப்போது இங்கிலாந்தில் பள்ளி மாணவர். தந்தி வழியே மறைவுச் செய்தி கிடைத்த பின்னரும், தந்தை முன்னரே எழுதிக் கப்பலில் அனுப்பிய கடிதங்கள் மகனுக்கு வந்துகொண்டிருந்தன. ஜெசியின் மனைவி எவலின், கணவர் மறைந்த பின்னும் பல்லாண்டுகள் மலைமக்களிடையே பணியாற்றி, 1974 டிசம்பர் 18 அன்று தம் 95-ஆம் வயதில் மறைந்தார். அவர் உடல் வாழவந்தி நாட்டில் கணவர் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டது.

கல்லறை, கடிதம், தந்தி, பின்னர் எழுந்த வாழ்க்கை வரலாற்று நூல்கள் என இக்குடும்பத்தின் மறைவுகளுக்குச் சான்றுகள் பல. அதே காய்ச்சலுக்கு அதே மலையில் உயிரிழந்த மலையாளிப் பழங்குடி மக்களின் பெயர்களுக்கு அவர்தம் வழிவந்தோரின் வாய்மொழி நினைவே பெரும்பாலும் புகல். அவர்தம் இழப்பும் துயரும் சற்றும் குறைந்தவை அல்ல. எழுதுவார் இல்லாமையே அப்பெயர்கள் மறையக் காரணம்.

அரசுப் பதிவேடுகளில் தேடும் முறை

சென்னை மாகாணத்தில் 1899-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமும், விடுதலைக்குப் பின் 1969-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் இறப்புப் பதிவுக்கு அடிப்படையாயின. கிராமங்களில் பழங்காலத்தில் இப்பதிவேட்டை எழுதியவர் கிராம முன்சீப். பரம்பரைக் கிராமப் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்ட பின் கிராம நிர்வாக அலுவலர் அப்பணியை ஏற்றார். நிறைவுற்ற பழைய ஏடுகள் சார்பதிவாளர் அலுவலகங்களிலும் வட்டாட்சியர் அலுவலகங்களிலும் தேடத்தக்கவை. நகரங்களில் நகராட்சி, மாநகராட்சிச் சுகாதாரப் பிரிவுகள் இவற்றைக் காக்கின்றன.

தேடுவோர் முதலில் அறிய வேண்டியது மறைந்தவர் காலத்து மாவட்டமும் வட்டமும் ஆகும். கொல்லிமலை 1997 ஜனவரி 1 முதல் நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது; அதற்கு முற்பட்ட ஆவணங்களைப் பெரும்பாலும் சேலம் மாவட்டம் என்ற பெயரில் தேட வேண்டும். தமிழ்ச் சமணர் மிகுதியாக வாழும் பகுதிகளுக்கும் இது பொருந்தும். திருவண்ணாமலை 1989 வரை வட ஆர்க்காட்டிலும், விழுப்புரம் 1993 வரை தென் ஆர்க்காட்டிலும் அடங்கியிருந்தன. காஞ்சிபுரத்து ஊர்கள் செங்கல்பட்டு மாவட்டத்தின் பெயரில் வரும்.

அடுத்தது ஆண்டுக் கணக்கு. குடும்பக் குறிப்பில் ‘சுக்கில வருடம்’ என்று மட்டும் இருந்தால் அது 1869-70 ஆகவும் இருக்கலாம். 1929-30 ஆகவும் இருக்கலாம். அறுபது ஆண்டுச் சுழற்சியில் எந்தச் சுற்று என்பதை வேறொரு ஆவணத்தால் உறுதிசெய்தல் இன்றியமையாதது. இதற்குப் பத்திரங்கள் பெரிதும் உதவும். குடும்பத் தலைவர் மறைந்ததும் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதப்படும். பட்டாவில் பெயர் மாறும். தந்தையார் ‘காலஞ்சென்ற’ என்னும் அடைமொழியுடன் முதன்முதலாகக் குறிக்கப்படும் பத்திரம், அவர் மறைவுக்குப் பின்னெல்லை வகுத்துத் தருகிறது. அவர் தாமே கையொப்பமிட்ட இறுதிப் பத்திரம் முன்னெல்லையைத் தருகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளைப் பதிவேட்டில் தேடினால் போதும்.

1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, எவரும் கட்டணம் செலுத்திப் பதிவேட்டில் தேடச் செய்து, குறிப்பின் படியைப் பெறலாம். அப்படியில் இறப்பின் காரணம் மட்டும் வெளியிடப்படாது. பதிவு இல்லையெனில் ‘பதிவு இல்லை’ என்னும் சான்று பெறலாம். அதே இடத்தில் மீண்டும் தேடும் வீண் உழைப்பை அது தவிர்க்கும்.

செய்தித்தாள்களின் ‘காலமானார்’ பகுதியும் புறக்கணிக்கத்தக்கதன்று. 1882-இல் தொடங்கிய சுதேசமித்திரன், 1934-இல் தொடங்கிய தினமணி, 1942-இல் தொடங்கிய தினத்தந்தி ஆகியவற்றின் பழைய இதழ்களில் நாள் தெரிந்தால் தேடுதல் எளிது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய இதழ்களுக்குப் பெயர்பெற்றது. வீட்டுப் பெட்டியில் கிடக்கும் நினைவஞ்சலி அட்டைகள், வரவு செலவுக் கணக்கேடுகள், ஏட்டுச் சுவடிகளின் இறுதியில் எழுதியவர் தம் பெயரும் தந்தை பெயரும் ஊரும் குறித்த வரிகள் ஆகியவையும் சான்றுகளே. அவற்றைப் பழைய தாள் எனக் கழித்துவிடும் வழக்கம் பெரும் இழப்பைத் தருகிறது.

பெண்களின் பெயர்

இத்தேடலில் மிகக் கடினமானது பெண்வழி. பத்திரங்களிலும் பதிவேடுகளிலும் பெண் இன்னாரின் மனைவி என்று குறிக்கப்படுவாள். பிறந்த ஊரும் தந்தை பெயரும் விடுபட்டுவிடும். சில குறிப்புகளில் பெயரும் விடுபடும். புள்ளப்பையின் பிறந்த குடியை விசயமங்கலத்துக் கல் சொல்லிற்று. நூறாண்டுகளுக்கு முன் வாழ்ந்த பூட்டிமார்களின் பிறந்த ஊரைச் சொல்லும் தாள் பல வீடுகளில் இல்லை.

இக்குறையைத் தீர்க்கும் வழி ஊர்தோறும் உள்ள ஜினாலயங்களில் இருக்கிறது. ஒவ்வோர் ஜினாலயத்திலும் ஒரு நினைவேடு வைக்கலாம். மறைந்தவர் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த ஊர், மணந்த ஊர், மறைந்த நாள் ஆங்கில ஆண்டோடும் தமிழ் ஆண்டோடும், நோற்ற நோன்பு, செய்த அறம் ஆகிய ஏழு குறிப்புகள் போதும். மேல்சித்தாமூர் ஜினகாஞ்சி மடத்திற்கு அதன் படியொன்று ஆண்டுதோறும் அனுப்பப்படுமாயின், ஓரிடத்து ஏடு அழிந்தாலும் மற்றோரிடத்தில் காக்கப்படும். இப்போது எண்பது வயதைக் கடந்தோர் நினைவில் உள்ள பெயர்களை முதலில் எழுதுதல் வேண்டும். பதிவேடுகள் காத்திருக்கும், முதியோர் நினைவு காத்திராது.

சந்திரநந்தி ஆசிரியரின் மாணாக்கரோ அடியவரோ ஒருவர், உளியெடுத்துச் சில சொற்களைப் பாறையில் பொறித்தமையால், ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் பெயர் வழங்குகிறது. அத்தகைய சில சொற்களை ஓர் ஏட்டில் எழுதிவைத்தல் ஒவ்வொரு குடும்பத்தாலும் இயலும்.