சாத்தே அடுப்பும் சிங்கப்பூர்த் தெருவும்

சிங்கப்பூரில் மலாய் உணவு தெருவில் விற்கப்பட்ட வரலாற்றுக்குச் சாத்தே என்னும் ஒரு பண்டமே போதிய சான்றாகும். கோழி, ஆடு, மாடு ஆகியவற்றின் இறைச்சியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மஞ்சளும் எலுமிச்சம்புல்லும் சேர்த்து அரைத்த மசாலையில் ஊறவைத்து, மெல்லிய குச்சியில் கோத்துக் கரியடுப்பில் வாட்டித் தரும் இப்பண்டத்தின் பிறப்பிடம் ஜாவா. காவடித் தண்டின் ஒரு முனையில் அடுப்பும் மறுமுனையில் இறைச்சியும் தொங்கத் தெருத்தெருவாகச் சென்ற விற்பனையாளர்கள், அழைத்தவர் வாசலில் சுமையை இறக்கி அங்கேயே வாட்டிக் கொடுத்தனர். குளிர்ப்பெட்டி இல்லாத காலத்தில், அந்த வெப்பத்தில், இறைச்சியை அன்றன்றைக்கே விற்றுத் தீர்க்க வேண்டியிருந்தது. ஆகவே இன்று சுவைக்காகப் பாராட்டப்படும் 'கண்ணெதிரே சமைத்தல்' அன்று தொழிலின் கட்டாயமாகவே இருந்தது எனலாம். பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் குழம்பையும் இதே போன்ற தண்டில் சுமந்து விற்றனர் என்பதும், அவ்வுணவு இன்றும் அத்தண்டின் மலாய்ப் பெயராலேயே 'நாசி கண்டார்' என வழங்குகிறது என்பதும் இங்கு ஒப்புநோக்கத் தக்கவை.

அலைந்து விற்றவர்கள் ஓரிடத்தில் கூடியதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு, பீச் சாலையை ஒட்டிய ஹோய் ஹாவ் சாலையில் 1940களில் உருவான 'சாத்தே கிளப்'. கிளப் என்ற பெயர் இருந்ததே தவிர, அங்கு உறுப்பினரும் இல்லை, கட்டணமும் இல்லை. மேசைகளும் முக்காலிகளும் புகையும்தான் இருந்தன. வாட்டிய குச்சிகளைக் குவியலாக முன்னே வைத்துவிட்டு, உண்டு முடித்தபின் வெறுங்குச்சிகளை எண்ணிக் காசு வாங்குவது அங்கு வழக்கம். வேர்க்கடலை, மிளகாய், புளி முதலியவற்றால் ஆன கெட்டிக் குழம்பும், தென்னங்குருத்தோலைப் பின்னலுக்குள் அரிசியை அடைத்து அவித்த கெத்துப்பாட் என்னும் சோற்றுக்கட்டியும், வெள்ளரியும் வெங்காயமும் உடன் பரிமாறப்பட்டன.

ஆயினும் அக்காலத் தெருக்கடையை ஏக்கத்துடன் மட்டும் நினைப்பது நேர்மையாகாது. குழாய் நீர் இல்லாமல் ஒரே வாளித் தண்ணீரில் பல தட்டுகள் கழுவப்பட்டன. கழிவு சாக்கடையில் கொட்டப்பட்டது. தொற்றுநோய் குறித்த அச்சம் ஆட்சியாளரிடம் நிலைத்திருந்தது. இத்தொழிலை ஆராய 1950இல் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது; விடுதலைக்குப் பின் 1968-69இல் தீவு முழுவதும் நடந்த பதிவில் சுமார் 18,000 தெரு அங்காடிக்காரர்கள் கணக்கில் வந்தனர். நீர், மின்சாரம், வடிகால் வசதிகளுடன் கட்டப்பட்ட உணவங்காடி நிலையங்களுக்கு அவர்களைப் படிப்படியாக மாற்றும் பணி 1986 வரை நீடித்தது. சாத்தே கிளப்பும் 1970களின் தொடக்கத்தில் எஸ்பிளனேட் பூங்காவுக்குப் பெயர்ந்து, 1995இல் அங்கும் மூடப்பட்டது.

மலாய்க்காரர் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் கேலாங் சிராயில் இம்மாற்றம் வேறு வகையில் அமைந்தது. 1964இல் எழுந்த சந்தை இடிக்கப்பட்டு, 2009இல் கம்பத்து வீடுகளை, அதாவது மலாய்ச் சிற்றூர் வீடுகளை, நினைவூட்டும் கூரையுடன் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. அதன் மேல்தளத்தில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும், மாட்டிறைச்சியை மசாலையுடன் நீர் வற்றச் சுண்டவைத்த ரெண்டாங்கும் இன்றும் ஆக்கி விற்கப்படுகின்றன. கூரை மரபைப் போன்று புனையப்பட்டதுதான். அடுப்படியின் உழைப்பைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாடு 2020 டிசம்பரில் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. இதற்கிடையே நகரின் நடுவே, லாவ் பா சாட் சந்தையை ஒட்டிய பூன் டாட் தெருவில் மாலைதோறும் வாகனங்களை மறித்துவிட்டுச் சாத்தே அடுப்புகளை மூட்டும் வழக்கமும் வேரூன்றியது. போக்குவரத்துக்கும் துப்புரவுக்கும் இடையூறு என்று தெருவிலிருந்து அகற்றப்பட்ட தொழிலுக்கு, அதே நகரம் இப்போது ஒரு தெருவையே ஒழித்துக் கொடுக்கிறது.