மாகாணிக் கொல்லை

எண்சுவடிக் கணக்கில் ஒன்றைப் பதினாறாகப் பிரித்தால் கிடைக்கும் பங்குக்கு மாகாணி என்று பெயர். மலாயாவின் ரப்பர் தோட்டத் தமிழர்களுக்குச் சட்டம் எழுதிக்கொடுத்த மண்ணும் அந்த அளவுதான். குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் பயிர் வைக்கவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். கணக்குப் பார்த்தால் சுமார் 2,720 சதுர அடி. பேராக் மாநிலத்தின் தோட்டங்களில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் பச்சென்று கிடந்த கொல்லைகளுக்கு இதுதான் பிறப்புச் சீட்டு.

முதலாளிமார் மனம் இளகி வந்த மண் அல்ல இது. 1922-இல் இந்தியாவில் வந்த குடியேற்றச் சட்டம், கூலிக்கு ஆள் அனுப்புவதானால் நிபந்தனை போடும் அதிகாரத்தை டில்லிக்குக் கொடுத்தது. ரப்பருக்கோ ஆள் இல்லாமல் ஒருநாளும் ஆகாது. தனியாளாக வந்தவர் நாலு காசு சேர்ந்ததும் ஊருக்குக் கப்பலேறிவிடுவார். பெண்டு பிள்ளைகளோடு வந்தவர் தங்குவார். கையடக்கமாய் ஒரு கொல்லையும் இருந்துவிட்டால், கூலியை ஏற்றாமலே குழம்புக்குக் காய் கிடைத்துவிடும்.

ஆனால், அந்தக் கொல்லையைக் கொல்லையாக்கியது சட்டமல்ல, சாயங்காலங்கள். விடியுமுன் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, இருட்டோடு பால்மரம் சீவி, மங்குகளில் வடிந்த பாலைச் சேர்த்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, ஒட்டுப்பால் வாடையோடு லயத்துக்குத் திரும்பினால் பொழுது சாய்ந்திருக்கும். அதற்கு மேல்தான் மண்வெட்டி எடுக்க வேண்டும். சாணி போட்ட பாத்தியில் கத்திரியும் வெண்டையும், பந்தலில் பாகலும் புடலையும், வேலியோரம் மரவள்ளி. முருங்கைக்கு விதைகூட வேண்டாம். பக்கத்து வீட்டில் ஒரு போத்தை ஒடித்து வாங்கி ஊன்றினால் போதும், அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும்.

மண்ணில் குறையில்லை. குறை, அது யாருடைய மண் என்பதில் இருந்தது. 1930-இல் ரப்பர் விலை சரிந்தபோது அது வெளியே தெரிந்தது. ஆள் எடுப்பது நின்றது. லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வேலை இருந்தால்தான் லயம், லயம் இருந்தால்தான் கொல்லை. காய்த்து நின்ற பந்தலை அப்படியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. இது மலாயாவுக்கு மட்டும் நேர்ந்த சங்கதியல்ல. 1894-இல் டெட்ராய்ட் மேயர் பிங்கிரி, வேலையிழந்தவர்கள் உருளைக்கிழங்கு பயிரிட நகரத்துக் காலி மனைகளைத் திறந்துவிட்டார். பலருக்கு அது சோறு போட்டது. ஆனால் அங்கேயும் மண் இரவல்தான்.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட போர்க்காலத்தில் அரிசி அரிதானபோது, வேலியோர மரவள்ளிதான் உயிரைப் பிடித்து வைத்தது. போர் முடிந்தது, 1957-இல் நாடு விடுதலை பெற்றது. அந்தக் காலத்தில்தான் தோட்டக்காட்டு மக்கள் பயந்த சொல் ஒன்று வந்தது: துண்டாடல். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் கூறு போட்டு விற்றார்கள். சின்னத் துண்டை வாங்கியவருக்கு லயம் நிறைய ஆட்கள் எதற்கு? வேலையும் வீடும் கொல்லையும் ஒரே நாளில் கைவிட்டுப் போயின.

இதற்கு மறுமொழி பேராக்கிலிருந்து, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த ஒருவரிடமிருந்து வந்தது. வீ. தி. சம்பந்தன் அப்போது மத்திய அமைச்சர், மலாயா இந்தியக் காங்கிரசான ம.இ.கா.வின் தலைவர். தோட்டத்தை விற்காதே என்று முதலாளியைக் கெஞ்சுவதற்குப் பதில், நாமே வாங்கிவிட்டால் என்ன என்று கேட்டார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். பால்மரம் சீவிய கைகள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துப் பங்கு வாங்கின. மறு வருஷமே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. மாகாணிக்கு நன்றி சொல்லிக் கிடந்தவர்கள் முழுத் தோட்டத்துக்குப் பங்காளிகள் ஆனார்கள்.

சங்கத்தால் எல்லாத் தோட்டத்தையும் வாங்கிவிட முடியவில்லை. பின்னாளில் செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன, லயங்கள் இடிந்தன. சுங்கை சிப்புட் பக்கத்திலும் ஈப்போவின் ஓரங்களிலும் அந்த மக்களின் பிள்ளைகள் மலிவு விலை வீடுகளுக்குக் குடிபோனார்கள்.

இரவல் மண்ணின் இந்தக் கதை இன்றைக்கும் பொருந்தும். வீடற்றவர்களுக்குக் காய்கறித் தோட்டம் போட்டுக் கொடுப்பது இன்று பல நாடுகளில் நடக்கிறது. நல்ல காரியம்தான். விதையும் மண்வெட்டியும் கொடுப்பவர்கள், எத்தனை காலத்துக்கு அந்த மண் என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. லயத்தை விட்டுக் கிளம்பும்போது ஒரு முருங்கைப் போத்தை ஒடித்து எடுத்துக்கொள்ளலாம். ஊன்ற இடம்தான் கூட வராது.