பீடாதிபதியும் வண்ணக்கரும்



பல்கலைக்கழகத்துச் சட்டபீடத்திற்குப் புதிய பீடாதிபதி ஒருவரைத் தெரிந்தெடுத்தல் என்பது, மேலோட்டமாக நோக்குங்கால், கொழும்பிலே ஒரு மண்டபத்துக்குள் தொடங்கி அங்கேயே முடியும் காரியமாகத் தோன்றும். படுவான்கரையிலே வேளாண்மை செய்பவருக்கும் வாவியிலே வலை வீசுபவருக்கும் அதனால் ஆவதென்ன என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும், சட்டங் கற்பிக்கும் இடத்திற்குத் தலைவர் யார் என்பதைப் பொறுத்தே எந்தச் சட்டம் ஆராயப்படும், எந்தச் சட்டம் மறக்கப்படும் என்பதும் ஓரளவிற்கு முடிவாகின்றது. மட்டக்களப்பு நாட்டவர்க்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. எமக்கென ஒரு சட்டம் இருந்தது. இன்று நீதிமன்றத்தில் அதற்கு இடமில்லை.

முதலில், எம்மவர் தலைவரைத் தெரிந்தெடுத்த முறையைப் பார்ப்போம். திருக்கோவில், மண்டூர், கொக்கட்டிச்சோலை, சித்தாண்டி முதலிய பெருங்கோவில்களைத் தேசத்துக் கோவில்கள் என்பர். இவற்றின் நிருவாகத் தலைவருக்கு வண்ணக்கர் என்று பெயர். வண்ணக்கரை அரசன் அனுப்பி வைப்பதில்லை. பொருள் மிகுந்தவர் தாமாகவே ஏறி அமர்வதுமில்லை. உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி முதலாகப் பெயர் பெற்ற தாய்வழிக் குடிகளுக்குக் கோவிலிலே உரிமை உண்டு. குடி என்பது தாயின் வழியே வருவது. ஒருவருடைய பிள்ளைகள் அவருடைய குடியைச் சேரார்; அவர் மனைவியின் குடியையே சேர்வர். ஆகையால் ஒரு வண்ணக்கர் காலஞ்சென்றால் அவர் மைந்தன் அவ்விடத்துக்கு உரியவன் ஆகான். அதே குடியிலே பிறந்த மற்றொருவர், பெரும்பாலும் சகோதரியின் மகனாகிய மருகரோ அவ்வழி வந்த வேறொருவரோ, குடிமக்களின் சம்மதத்தோடு அவ்விடத்துக்கு வருவார். தந்தையின் பதவி மைந்தனுக்கே என்னும் ஆசையை இம்மரபு வேரோடு அறுத்துவிட்டது. இதனை நான் சிறிய செய்தியாகக் கருதவில்லை.

இம்மரபு தமிழர் மாத்திரம் கையாண்டதன்று. அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் வாழும் முஸ்லிம்களிடத்தும் தாய்வழிக் குடிகள் உண்டு. பள்ளிவாசல் நிருவாகத்திலே குடியின் சார்பாக மரைக்காயர் அமர்வதும் உண்டு. வாவியின் இருமருங்கிலும் வாழும் இரு சமயத்தவரும் தலைமையைப் பற்றி ஏறக்குறைய ஒரேவிதமாகச் சிந்தித்திருக்கின்றனர்.

குறைகளையும் மறைத்தலாகாது. குடியுரிமை பெண்ணின் வழியே வந்தாலும் வண்ணக்கராக அமர்ந்தவர் ஆடவரே. குலவேற்றுமையும் இருந்தது, சில குலத்தவர்க்குக் கோவிலிலே பணி இருந்தது, பதவி இருக்கவில்லை. பிறப்பினால் வரும் தகுதியை இக்காலத்துப் பல்கலைக்கழகம் ஏற்கவும் முடியாது, ஏற்கவுங் கூடாது. எனினும், தெரிந்தெடுக்கப்பட்டவர் தம்மைத் தெரிந்தெடுத்தவர்களின் முன்னே ஆண்டுதோறும் திருவிழாக் காலத்தில் நின்றே தீரவேண்டும். வரிசை வழங்குவதில் ஒரு குடியை மறந்தாராயின் அன்று மாலையே ஊர் கேட்கும். வழக்கு நீதிமன்றம் ஏறியதும் உண்டு.

இந்த மரபுக்குப் பின்னால் நின்றதே முக்குவர் சட்டம். முன்னோர் வழி வந்த சொத்தாகிய முதுசம் தாய்வழியே இறங்கும் என்பதும், அதனை ஆண்டு அனுபவிக்கும் ஆடவன் தன் பிள்ளைக்கன்றித் தன் சகோதரியின் வழியினர்க்கே அதனை விட்டுச் செல்வான் என்பதும் அச்சட்டத்தின் உயிர்நிலை. யாழ்ப்பாணத்துத் தேசவழமை வேறு அதிட்டம் பெற்றது. ஒல்லாந்தர் காலத்தில், 1707 ஆம் ஆண்டில், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் உத்தியோகத்தர் அதனைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலிமார் படித்துப் பார்த்து ஒப்பினர். ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டில் அதற்கு முழு வலுவும் அளித்தனர். முக்குவர் சட்டத்தை அவ்வாறு தொகுத்து முத்திரை இட்டுக் கொடுக்க ஒல்லாந்தர் காலத்திலும் ஒருவர் வரவில்லை, ஆங்கிலேயர் காலத்திலும் வேளைக்கு வரவில்லை. கிறிஸ்தோபர் பிரித்தோ என்பவர் அதனை ஆங்கிலத்தில் நூலாக்கி வெளியிட்டது 1876 ஆம் ஆண்டில். அதே 1876 ஆம் ஆண்டிலேதான் 15 ஆம் இலக்க விவாக உரிமை, வழியுரிமைக் கட்டளைச்சட்டம் பிறந்தது. கண்டியர், முஸ்லிம்கள், தேசவழமைக்கு உட்பட்ட வடமாகாணத் தமிழர் ஆகியோர் அதற்கு விலக்கு. மட்டக்களப்பாரைப் பற்றி விலக்கு எதுவும் கூறப்படவில்லை. ஆகவே ரோமன் டச்சுச் சட்டத்தின் வழிவந்த பொதுவிதியே அவர்கட்கும் ஆயிற்று. பிள்ளைக்குச் சாதகம் எழுதிய ஆண்டிலேயே பிள்ளை இறந்த கதைபோல் ஆயிற்று இது.

கொழும்பிலே சட்டக் கல்விக் கழகம் நிறுவப்பட்டது 1874 ஆம் ஆண்டில். மேற்சொன்ன கட்டளைச்சட்டத்திற்கு இரண்டே ஆண்டு முன்னர். இவ்விரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்து நோக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் எழுவதுண்டு. இந்நாட்டிலே சட்டங் கற்பிக்கும் நிலையம் நூறாண்டு முந்திப் பிறந்து, உள்நாட்டு வழமைகளை ஆராய்வதைத் தன் கடமையாகக் கொண்ட ஒருவர் அதன் தலைமையில் இருந்திருப்பின், எமது சட்டத்தைக் குறித்து ஒரு குரலேனும் எழுந்திருக்குமோ? அந்நாளைய சட்டக்கல்வி நியாயதுரந்தரர்களை உருவாக்குவதற்காக அமைந்தது. புதுக்கடை நீதிமன்றங்களிலே வழக்குப் பேசுவதற்கு வேண்டியதையே அது கற்பித்தது.

ஒரு தலைவரைத் தெரிந்தெடுப்பதனால் ஒரு கல்வித்துறை முழுவதும் மாறக்கூடும் என்பதற்கு அதே காலத்து அமெரிக்கா சான்று தருகின்றது. ஹார்வாட் பல்கலைக்கழகத்தின் தலைவராக எலியட் என்னும் இளைஞர் 1869 ஆம் ஆண்டில் வந்தார். தாம் மாணவராயிருந்த நாளிலே ஒரு விடுதி அறையில் லாங்டெல் என்னும் சட்ட மாணவர் பேசியதைக் கேட்டது அவர் நினைவில் தங்கியிருந்தது. லாங்டெல் நியூயோர்க்கிலே நூலகத்துக்குள் புதையுண்டு கிடந்த வழக்கறிஞர். ஊரறிந்த பேச்சாளர் அல்லர். எலியட் அவரைத் தேடி அழைத்தார். 1870 ஆம் ஆண்டில் லாங்டெல் சட்டக் கல்லூரியின் பீடாதிபதியானார். விதிகளை ஒப்புவிக்கும் முறையை விட்டு, தீர்க்கப்பட்ட வழக்குகளையே மாணவர் கையில் கொடுத்து, ‘இதில் நீதி எங்கே நிற்கின்றது?’ என்று வினவும் முறையை அவர் புகுத்தினார். தொடக்கத்திலே மாணவர் பலர் வகுப்பை விட்டு விலகினர். பெரிய வழக்கறிஞர்கள் நகைத்தனர். 1895 ஆம் ஆண்டுவரை அவர் அப்பதவியில் இருந்தார். அதற்குள் அம்முறை வேரூன்றிவிட்டது. பேச்சாற்றலை அளவுகோலாகக் கொண்டிருந்தால் அவரை ஒருவரும் தெரிந்தெடுத்திருக்கமாட்டார்கள்.

எமது நாட்டுக்குத் திரும்புவோம். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 ஆம் ஆண்டு யூலை மாதம் முதலாந் தேதி தோன்றியபோது அதன் முதல் உபவேந்தராக அமர்ந்தவரே சட்ட அறிஞர். அரசியலமைப்புச் சட்டத்திலே பேர்பெற்ற ஐவர் ஜெனிங்ஸ். சட்டத்துறை 1947 ஆம் ஆண்டில் தொடங்கிற்று. பேராதனைக்குச் சென்று, 1965 ஆம் ஆண்டில் மீண்டுங் கொழும்புக்கு வந்தது. அத்துறையின் பேராசிரியராகவும் பீடாதிபதியாகவும் விளங்கியவர் த. நடராசா. 1972 ஆம் ஆண்டில் இலங்கைச் சட்ட அமைப்பின் வரலாற்றுப் பின்னணியை ஆராய்ந்து அவர் வெளியிட்ட நூல், வெளிநாட்டாரும் மதிக்கும் நூல். அதற்கு முன்னரே, 1954 ஆம் ஆண்டில், பின்னாளில் உயர்நீதிமன்ற நீதியரசராகிய எச். டபிள்யூ. தம்பையா இலங்கைத் தமிழரின் சட்டங்களையும் வழமைகளையும் பற்றி எழுதி, முக்குவர் சட்டத்தையும் ஆராய்ந்தார். செத்த சட்டத்தை ஆராய்வதால் என்ன பயன் என்று அவர்கள் விட்டுவிடவில்லை.

இன்றைய விதி யாது? 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி உபவேந்தரை நியமிப்பவர் சனாதிபதி. பேரவை முன்மொழியும் மூவருள் ஒருவரை அவர் நியமிப்பார். பீடாதிபதியின் நிலை அவ்வாறன்று. அவரைப் பீடச்சபையினரே தெரிந்தெடுப்பர். பதவிக்காலம் மூன்று ஆண்டு. மேலிடத்தின் கை எட்டாத, உடன்பணியாற்றுவோரே வாக்களிக்கும் பதவி இது. குடிமக்கள் சம்மதித்து வண்ணக்கரை அமர்த்திய மரபை அறிந்தவர்க்கு இவ்விதி அந்நியமாகத் தோன்றாது. இடர் ஒன்றும் இவ்விரண்டுக்கும் பொதுவாக உண்டு. தம்முள் ஒருவரைத் தாமே தெரிந்தெடுப்போர் தமக்கு இதமானவரையே தெரிந்தெடுத்துவிடலாம். கோவிலிலே இதற்கு மருந்து இருந்தது. பிற குடிகளின் கண் விழித்திருந்தது. பீடத்துக்கு வெளியே விழித்திருக்கும் கண் யாருடையது?

அக்கண் நேயர்களாகிய உங்களுடையதாகவும் இருக்கலாம் என்பேன். வேட்பாளர் வெளிநாட்டிலே பெற்ற பட்டம் எத்தனை, எழுதிய கட்டுரை எத்தனை என்று பீடச்சபையினர் நோக்குவர்; நோக்கவும் வேண்டும். அதனோடு, இந்நாட்டு மாகாணங்களின் வழமைச் சட்டங்களை மாணவர்க்குக் கற்பிக்க அவர் என்ன செய்யக் கருதுகிறார் என்றும் கேட்கவேண்டும். எங்கள் குடிமரபைப் பற்றி விரிவான நூலொன்றைக் கொலராடோவிலிருந்து வந்த டெனிஸ் மக்கில்வ்ரே என்னும் மானிடவியலாளர் 2008 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அக்கரைப்பற்றிலே பல்லாண்டு ஆராய்ந்து எழுதியது அது. அவரிடம் நான் நன்றியுடையேன். ஆனால் கொழும்பிலிருந்து ஒரு சட்ட மாணவன் புகைவண்டியேறி ஓர் இரவுப் பயணத்தில் வரக்கூடிய தூரந்தான் மட்டக்களப்பு.

வருபவனுக்கு இங்கே வேலை உண்டு. பழைய போடியார் வீடுகளின் பெட்டகங்களிலே நூறாண்டு கடந்த காணி உறுதிகள் கறையான் அரித்தது போக எஞ்சிக் கிடக்கின்றன. கோவில்களிலே பங்கு, பணி, வரிசை ஆகியவற்றைக் குறிக்கும் ஏடுகளும் நினைவுகளும் உண்டு. எப். எக்ஸ். சி. நடராசா 1962 ஆம் ஆண்டில் மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்திராவிடின் அதுவும் ஏட்டளவிலே உக்கியிருக்கும். என் பாடசாலையிலே மேல்வகுப்பு மாணவரிடம் ‘நீ என்ன குடி?’ என்று கேட்டால் பெரும்பாலோர் தயங்காது சொல்வர். ‘அக்குடிக்கு ஒரு சட்டம் இருந்ததே, அது என்ன சட்டம்?’ என்று கேட்டால் ஒருவரையொருவர் பார்ப்பர்.